பதினாறு நாள் காத்த பெயர்

கணினி நிரலில் பிழை இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஒரே ஒரு பக்கம்தான். அதை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த ஒரு பக்கத்தை நம்பி ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் சொன்னது உண்மை, நான் எழுதியது பொய் என்று எனக்குத் தெரியவந்தபோது ஏழு மாதங்கள் கடந்திருந்தன.

நான் ஸ்கூடாயில் வசிக்கிறேன். தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களை இயக்கும் நிரல்களை எழுதி, ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. விடியுமுன் நீராடி, திருநீறு பூசி, ஒரு பதிகத்தையாவது பண்ணோடு ஓதாமல் நான் எந்த நாளையும் தொடங்கியதில்லை. பதிகம் ஓதுகிறவனுக்கு ஒரு பயிற்சி தானாக வந்துவிடும். ஓர் எழுத்தையும் தாண்டிப் போகமாட்டான். நிரலையும் நான் அப்படித்தான் படித்தேன். வரி வரியாக, வாய்க்குள் சொல்லிக்கொண்டே படிப்பேன். என்னோடு வேலை செய்த இளையவர்கள் பிழை தேடக் கருவிகளை ஓடவிட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போவார்கள். எனக்கு அது சோம்பல் என்று பட்டது. என் கண்ணை நான் நம்பினேன். இறைவன் தந்த கண் என்ற எண்ணம் வேறு. அந்த எண்ணத்தில் பக்தி எவ்வளவு, செருக்கு எவ்வளவு என்று நான் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

குளுவாங்கில் நன்கொடையால் நடக்கும் சிறிய சிறுநீரகச் சுத்திகரிப்பு மையம் ஒன்று இருக்கிறது. கடைவரிசையில் இரண்டு கடைகளை ஒன்றாக்கிய இடம்; ஒன்பது இருக்கைகள். அந்த மையத்துக்கு ஒரு நிரலைத் தொண்டாக எழுதிக் கொடுத்தேன். யார் எந்தக் கிழமையில் எந்த இருக்கையில் அமர வேண்டும், அவருடைய உலர் எடை எவ்வளவு என்பவற்றை அது திரையில் காட்டும்.

உலர் எடை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாதவரின் உடலில் நீர் தங்கிவிடும். அந்த நீரெல்லாம் வெளியேறிய பின் அவர் எவ்வளவு எடை இருக்க வேண்டுமோ, அதை மருத்துவர் குறித்துக் கொடுப்பார். அதுதான் உலர் எடை. வந்ததும் நோயாளியை நிறுத்துப் பார்த்து, அதிலிருந்து உலர் எடையைக் கழித்து, அத்தனை நீரை எடுக்குமாறு தாதி இயந்திரத்துக்குச் சொல்வாள். குறைவாக எடுத்தால் மூச்சு முட்டும். அளவுக்கு மேல் எடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கிவிடுவார். வயதானவருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

மையத்தை நடத்துகிறவர் தாதியாக இருந்து மேலாளரான ஓர் அம்மையார். நிரல் ஓடத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, நேத்துதான் அந்தப் பாட்டிம்மா போய்ச் சேந்தாங்க. இன்னிக்கு ‘இறந்துட்டாங்க’ன்னு தட்டுறேன், பேரு பட்டுனு காணாமப் போயிருது. நர்சு மிஸிங்க எல்லாம் மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறாங்க.”

“நிரல் அப்படித்தாம்மா செய்யும். தேவையில்லாததை உடனே எடுத்துடும்.”

“தேவையில்லாததா? வாரத்துல மூணு நாளு, நாலு வருசம் இங்க வந்தாங்க ஐயா. காரியம் முடியிற வரைக்குமாவது பேரு இருக்கட்டுமே. பதினாறு நாளு. அப்புறம் அதுவா போவட்டும்.”

அந்தச் சொல் என்னைத் தொட்டது. உயிர் பிரிந்த வீட்டில் பதினாறு நாள் விளக்கு அணையாமல் எரிகிறது. மையத்தின் திரையில் ஒரு பெயர் எரியக் கூடாதா? மறுநாள் காலை பூசையை முடித்த கையோடு அமர்ந்து எழுதினேன். இறந்தவர் என்று குறித்தால் பெயர் சாம்பல் நிறத்தில் பதினாறு நாள் திரையில் நிற்கும். பதினேழாம் நாள் அவருடைய ஏடு அழியும். சுமார் இருபது வரி. அதன் தலைப்பில் சிவாயநம என்று எழுதினேன். வேறெந்தப் பகுதிக்கும் நான் அப்படி எழுதியதில்லை.

நிரலுக்குள் நடப்பதை எளிதாகவே சொல்லலாம். ஒரு நோயாளியைப் பதிவு செய்தால் கணினியின் நினைவகத்தில் அவருக்கென்று ஓரிடம் ஒதுங்குகிறது. பெயரும் எடையும் அங்கே எழுதப்படுகின்றன. அதை நாங்கள் பொருள் என்போம்; நோயாளியின் ஏடு என்று நான் சொல்வதும் அதைத்தான். பொருளுக்குப் பிறப்பு உண்டு, முடிவு உண்டு; இடைப்பட்ட காலம் அதன் ஆயுள். முடிந்ததும் அந்த இடம் அடுத்து வருகிற பொருளுக்குப் போய்விடும். இனி, ஒவ்வோர் இருக்கையும் தன்னுடைய நோயாளியின் ஏடு எங்கே இருக்கிறது என்பதை ஒரு முகவரியாகக் குறித்து வைத்திருக்கும். ஏடு அழியும்போது அந்த முகவரியையும் கிழித்துவிட வேண்டும். கிழிக்காவிட்டால் இருக்கை பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டும். அங்கே இப்போது வேறு யார் குடியிருந்தாலும் அவரைத் தன் ஆளென்று நம்பிவிடும். கணினிக்குச் சந்தேகப்படத் தெரியாது.

என் பழைய நிரலில், இறந்த அன்றே ஏட்டை அழித்தபோது, இருக்கையிலிருந்த இரண்டு முகவரிகளும் கிழிக்கப்பட்டன. ஒன்று பெயருக்கு உரியது, மற்றொன்று எடைக்கு உரியது. பதினாறு நாளுக்காக எழுதிய இருபது வரியில் பெயருக்கு உரியதை மட்டும் கிழித்தேன். எடைக்கு உரியதை மறந்தேன். புதியவர் வரும்போது கிழிந்து காலியான முகவரியைத்தான் நிரல் புதிதாக எழுதும்; கிழியாததைத் தொடாது.

மறந்தது வெளியே தெரியவில்லை. அதுதான் கொடுமை. ஒருவர் இறந்த பின் அந்த இருக்கைக்குப் புதியவரைச் சேர்க்க இரத்தப் பரிசோதனை, மருத்துவர் கடிதம் என்று மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் பழைய ஏடு அழிந்திருக்கும். புதியவரைப் பதிவு செய்தால், கணினி காலியாகக் கிடக்கும் அதே இடத்தையே அவருக்குக் கொடுக்கும். ஆகவே இருக்கை கிழியாத பழைய முகவரிக்குப் போனாலும் அங்கே சரியான ஆளே இருப்பார். எத்தனையோ ஆண்டுகள் என் தவறு தன்னைத் தானே மறைத்துக்கொண்டு சரியான விடையையே சொல்லி வந்தது.

தீபாவளி முடிந்த வாரம் அது. மையத்தில் ஓர் இருக்கைதான் இறப்பால் காலியாகியிருந்தது, ஏழாம் இருக்கை. மூன்றாம் இருக்கையில் இருந்தவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். ஆக, ஒரே காலையில் இரண்டு புதியவர்களைப் பதிவு செய்தார்கள். முதலில் பதிவானவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் மூன்றாம் இருக்கைக்குப் போனார். இரண்டாவதாகப் பதிவானவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர். மகளோடு இருக்கலாம் என்று பேராக்கிலிருந்து குளுவாங்குக்கு வந்தவர். அவருக்கு ஏழாம் இருக்கை. இறந்தவரின் ஏடு இருந்த நினைவக இடத்தைக் கணினி ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டது. ஏழாம் இருக்கையோ கிழியாத முகவரியைப் பிடித்துக்கொண்டு ஆசிரியரின் எடையை லாரிக்காரர் பெயருக்குக் கீழே காட்டியது.

லாரிக்காரரின் உலர் எடை ஐம்பத்தாறே முக்காலுக்குச் சற்று மேல். ஆசிரியருடையது ஐம்பத்தைந்து. அன்று லாரிக்காரரை நிறுத்துப் பார்த்தபோது சரியாக ஐம்பத்தொன்பது கிலோ இருந்தார். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடுக்க வேண்டிய இடத்தில் நான்கு கிலோ எடுக்கச் சொல்லி இயந்திரத்துக்குக் கட்டளை போயிற்று.

கட்டளையைக் கொடுத்தவள் பண்டார் தெங்காராவிலிருந்து வந்து வேலை செய்த இளம் தாதி. அவளுக்கு அந்த எண் விசித்திரமாகப் படவில்லை. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதைப் பக்கத்து இருக்கைக்காரர் எனக்குப் பின்னாளில் சொன்னார்.

“என்ன அண்ணே, நாலு கிலோ ஏத்திட்டு வந்திருக்கீங்க? முறுக்குப் பானையோட உள்ள விழுந்துட்டீங்களா?”

“முறுக்கு நாலுதான் மிஸி தின்னேன். ரெண்டு டின்னு ஒரஞ்சு குடிச்சேன், அதச் சொல்லிப்புடாத மகக்கிட்ட.”

“சொல்லத்தான் போறேன். பாருங்க, இன்னிக்கு நல்லாப் புழியப் போறேன் உங்கள.”

மூன்றாம் மணிநேரத்தில் அவர் பேச்சு குழறிற்று. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார்.

அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன அன்றே மேலாளர் என்னை அழைத்தபோது மையம் முழுவதும் பதற்றமாக இருந்தது தொலைபேசியிலேயே கேட்டது.

“ஐயா, இந்தப் புள்ள ஸ்கிரீன்ல அம்பத்தஞ்சுன்னு இருந்துச்சுங்கிறா. டாக்டர் கடுதாசில வேற இருக்கு. என்ன பண்ண?”

“முதல்ல கணினிய அணைச்சுப் போடுங்க. போட்டுட்டு மறுபடியும் பாருங்க.”

தொழிலில் நாற்பது ஆண்டு ஊறிய வாய் அது. எதுவானாலும் முதலில் அணைத்துப் போடு. அணைத்துப் போட்டால் நினைவகம் துடைக்கப்படும். நிரல் வட்டிலுள்ள ஏடுகளைப் புதிதாகப் படித்து ஒவ்வொன்றையும் ஒழுங்கான இடத்தில் வைக்கும். அவர் அணைத்துப் போட்டார். திரை ஏழாம் இருக்கைக்குச் சரியான எடையைக் காட்டியது. அந்தப் பெண்ணுக்குச் சாட்சியாக உலகத்தில் இருந்த ஒரே பொருளை, நான் காரில் ஏறுவதற்கு முன்பே, அழிக்கச் சொல்லி அழித்துவிட்டேன்.

மறுநாள் குளுவாங்குக்குப் போனேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும்.

“அங்கிள், சத்தியமா சொல்றேன். அம்பத்தஞ்சுதான். நான் படிச்சேன், பக்கத்து மிஸிகிட்ட சத்தமா சொல்லவும் செஞ்சேன்.”

“கடிதத்தைப் பார்த்தியாம்மா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்கதான அங்கிள் சொன்னீங்க, கடுதாசியப் பாக்காதீங்க, ஸ்கிரீனப் பாருங்கன்னு? செவுத்துல ஒட்டி வச்சிருக்கோமே.”

ஒட்டித்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறையிட்ட தாளில், நான் சொன்ன வாசகம், மலாயிலும் தமிழிலும்.

இரண்டு நாள் நிரலைப் படித்தேன். என் முறைப்படி, வரி வரியாக, வாய்விட்டு. அந்த இருபது வரிகளை நான் எத்தனை முறை தாண்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சிவாயநம என்ற தலைப்பைக் கண்டதும் என் கண் கும்பிட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போயிற்று. பிறகு ஏடுகளைப் பார்த்தேன். ஆசிரியரின் உலர் எடை ஐம்பத்தைந்து என்று கண்டேன். அதுதான் எனக்கு விடை கொடுத்தது என்று நினைத்தேன். தாதி ஆசிரியரின் எண்ணைப் பார்த்துவிட்டாள். வேறு விளக்கம் இல்லை. அப்படியே எழுதினேன். நிரலில் பிழை இல்லை, வேறொரு நோயாளியின் எடையைத் தவறுதலாகப் பார்த்திருக்க வாய்ப்புண்டு என்று. எழுதியதும் ஒரு பதிகம் ஓதினேன். மனம் நிறைந்திருந்தது. 

அவளை முதலில் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பெரியவர் இறந்ததும் நீக்கினார்கள். அதற்கு முன்பே மருத்துவமனை நடைவழியில், நாலு பேர் பார்க்க, பெரியவரின் மகள் அவளைப் பார்த்துக் கொலைகாரி என்று கத்தினாளாம்.

ஏழு மாதத்துக்குப் பின் மையத்துக்குப் புதிய கணினி வந்தது. நிரலை அதற்கு ஏற்றவாறு மறுபடி கட்டித் தர வேண்டும் என்று கேட்டார்கள். நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர் என்ற கருவியின் புதிய பதிப்பை வீட்டில் நிறுவினேன். பழைய கம்பைலர் ஊமை. கொடுத்ததை மாற்றித் தரும், ஒன்றும் கேட்காது. புதியது கேள்வி கேட்டது. எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகத் திரையில் வந்து விழுந்தது. பெரும்பாலானவை அற்பமானவை. ஒன்று மட்டும் அந்த இருபது வரிக்குள்ளிருந்து வந்தது. முடிந்துபோன பொருளைக் குறிக்கும் முகவரி இன்னும் பயன்பாட்டில் இருக்கக்கூடும் என்று அது சொல்லியது.

என்னுடைய கருவி வெறுப்பை எல்லாம் அந்தக் காலையில் ஓரம் வைத்துவிட்டு, கம்பைலரின் காவல் வசதியை இயக்கிப் பார்த்தேன். அதை இயக்கினால் கம்பைலர் ஒவ்வொரு பொருளின் பிறப்பையும் முடிவையும் தனியே குறித்துக்கொண்டு வரும். ஒரு பொருள் முடிந்தால் அதன் இடத்தை உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிடாது. பூட்டிவைக்கும். அந்த இடத்தை யாராவது தொட்டால் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். இறந்தவரின் இடத்தைச் சிறிது காலம் யாரும் தீண்டாமல் காப்பது. நான் பதினாறு நாளென்று எதைச் செய்யப் பார்த்தேனோ, அதைத்தான் அந்தக் கருவி செம்மையாகச் செய்தது.

ஏழாம் இருக்கையில் ஒருவரை இறந்தவர் என்று குறித்தேன். கணினியின் தேதியைப் பதினேழு நாள் முன்னே தள்ளினேன். புதியவரைப் பதிவு செய்து இருக்கையில் அமர்த்தினேன். நிரல் நின்றது. சிவப்பு எழுத்தில் மூன்று பத்தி. முதலாவது, முடிந்த பொருளை இந்த வரியில் தொட்டாய். இரண்டாவது, அந்தப் பொருள் இந்த வரியில் முடிந்தது. மூன்றாவது, அது இந்த வரியில் பிறந்தது. நடுப்பத்தியில் இருந்த வரி எண்ணைத் தேடிப் போனேன். மேலே சிவாயநம இருந்தது.

நம்ப மனமில்லாமல் காவலை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இப்போது இரண்டு புதியவர்கள், ஆசிரியர் முதலில், லாரிக்காரர் அடுத்து. ஏழாம் இருக்கையைத் திறந்தேன். லாரிக்காரரின் பெயர். அதன் கீழே ஐம்பத்தைந்து.

அவள் பார்த்த எண் அது. அந்த எண்ணைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அவளும் நானும். பூசையறையில் அணையா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதன் முன் நின்றேன். ஓத வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த பதிகங்களில் பிழை பொறுக்கச் சொல்லி மன்றாடாத பதிகம் அரிது. அவற்றை எல்லாம் அறுபது ஆண்டுகள் இனிமையாகப் பாடியிருக்கிறேன். பாடியவர்கள் தங்கள் பிழையை அறிந்து பாடினார்கள். நான் பண்ணை மட்டும் அறிந்து பாடியிருக்கிறேன்.

மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அச்சிட்டு வந்ததை அவர் முன்னால் விரித்துச் சொன்னேன். அவர் தாள்களை மடித்து என் பக்கமே தள்ளினார்.

“இப்ப ஏன் ஐயா இதக் கிண்டுறீங்க?”

“உண்மை இதுதானேம்மா.”

“உண்மதான். இல்லைங்கல. இத வெளிய விட்டா மறுநாளே சென்டர இழுத்து மூடுவாங்க. ஒம்பது நாற்காலி. அதுல ஒக்கார்றவங்கள நான் எங்க அனுப்புறது? நீங்க சொல்லுங்க.”

“அந்தப் பொண்ணு?”

“அவ இப்ப எங்கயோ வேலைக்குப் போறாளாம். சமாளிச்சுக்குவா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பதினாறு நாளு கேட்டது நாந்தான. என்னையும் சேத்துத்தான் நீங்க எழுதணும்.”

அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நோயாளியை நிறுக்கப் போனார். என் முந்தைய கடிதம் தவறானது, பிழை என்னுடைய நிரலில்தான் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதி, அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தேன். குழுவிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

அந்தத் தாதியைப் பண்டார் தெங்காராவில் ஒரு பேரங்காடியில் கண்டுபிடித்தேன். பணம் வாங்கும் மேசையில் இருந்தாள். என்னைக் கண்டதும் முகம் இறுகிற்று. மதிய இடைவேளை வரட்டும் என்று வெளியே நின்றேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு மணிக்கு வந்து எதிரே நின்றாள், உட்காரவில்லை.

“என்ன அங்கிள், இங்க உள்ள கம்ப்யூட்டரும் நீங்க எழுதினதா? அதான் எனக்குத் தெனமும் கணக்குத் தப்புது போல.”

சொன்னேன். எல்லாவற்றையும், முதலிலிருந்து. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஐம்பத்தைந்தை நானும் பார்த்தேன் என்று சொன்னபோது மட்டும் உதட்டைக் கடித்தாள்.

“அப்ப நான் ஒழுங்காத்தான் பாத்தேன்.”

“ஒழுங்காத்தான் பார்த்தே.”

“ஏழு மாசமா நானே என்னைச் சந்தேகப்பட்டேன் அங்கிள். ஒருவேள கண்ணு வேற பக்கம் போயிருச்சோன்னு. இந்த மெசின்ல ஒவ்வொரு சாமானையும் ரெண்டு வாட்டி பாக்குறேன். பின்னால நிக்கிறவங்க திட்டுறாங்க, அலாமாக், என்ன லா இவ்ளோ ஸ்லோன்னு.” போய்க்கொண்டிருந்த லாரி ஒன்றைப் பார்த்தாள். “அவரு செத்தது அதனாலதானா?”

“தெரியலம்மா. டாக்டர்கள் தானாகவும் வந்திருக்கலாம்னு சொல்றாங்க. அதனாலயும் இருக்கலாம்.”

“அப்ப அதுவும் தெரியாது.” சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை. “பழைய வேலையக் குடுப்பாங்களா?”

“எழுதியிருக்கிறேன். குடுத்தா போவியா?”

“மாட்டேன். இனிமே ஒரு ஆளோட கையில ஊசி குத்த எனக்கு வராது. ஒண்ணு மட்டும் செய்யுங்க. அந்த அக்கா என்னைக் கொலகாரின்னாங்க. எல்லார் முன்னாலயும். அவங்ககிட்ட நீங்க சொல்லணும். நான் கார்ல இருக்கேன், நீங்க போய்ச் சொல்லணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். பெரியவரின் மகள் வீடு குளுவாங்கின் ஓரத்தில், ஒரு தாமான் குடியிருப்பில் மூலை வீடு. வாசல் கேட்டிலேயே நின்று பேசினாள். வரவேற்பறைச் சுவரில் மாலையிட்ட படம் தெரிந்தது. நான் முடித்ததும் கேட்டாள்.

“நீங்க சொல்றது எனக்கு அரவாசிதான் புரியுது. அந்த மிஸி மேல தப்பு இல்ல. அதானே?”

“இல்ல. தப்பு என்னுது.”

“செத்துப் போன இன்னொருத்தர் பேர பதினாறு நாள் வச்சிருக்கணும்னு நெனச்சீங்க. அதுல வந்துச்சு.”

“ஆமாம்மா.”

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்தாள். “எங்கப்பா காரியத்தன்னிக்கு நான் அப்பாவுக்கு அழுததவிட அந்தப் புள்ளையச் சபிச்சதுதான் அதிகம். அவளுக்குப் புள்ள பொறக்காதுன்னு சொன்னேன். நல்லா இருக்கமாட்டான்னு சொன்னேன். இப்ப வந்து அவ இல்லைங்கிறீங்க. நான் சொன்னத எங்க போயி எடுக்கிறது, சொல்லுங்க.”

 அவள் பார்வை என்னைத் தாண்டித் தெருவில் நின்ற காருக்குப் போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளை அடையாளம் கண்டுகொண்டாள். கண்டது எனக்குத் தெரிந்தது. வெளியே வருவாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். கம்பிக் கதவைச் சாத்தி உள்ளே போய்விட்டாள். விளக்கு எரிந்த வரவேற்பறையின் திரைச்சீலை இழுபட்டது.

நான் காரில் ஏறியதும் தாதி கேட்டாள். “சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“நம்புனாங்களா?”

“நம்பினாங்க.”

“அப்ப ஏன் வெளிய வரல?”

 பண்டார் தெங்காராவில் இறங்கும்போது அவள் நன்றி என்று சொன்னாள். அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசுவாள் என்று நம்பித்தான் நான் போயிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

நிரலைத் திருத்தினேன். பதினாறு நாளையும் வைத்துக்கொண்டு, எடைக்கு உரிய முகவரியையும் கிழிக்கும்படி ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்; கற்றுக்குட்டியும் செய்துவிடுவான். நான் அந்த இருபது வரிகளையும் அழித்தேன். சிவாயநம என்று எழுதியிருந்த தலைப்பையும் அழித்தேன்.  காவலை இயக்கிவிட்டு எல்லாவற்றையும் ஓட்டினேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. அது வாய் திறக்காதிருந்தால் குற்றம் இல்லை என்று பொருள். எனக்கு அந்த மௌனத்தில் ஆறுதல் இல்லை. பதிகம் ஓத இப்போதும் விடியுமுன் அமர்கிறேன். பாதியில் நின்றுவிடுகிறது. வரி மறந்துபோவதில்லை. அடுத்த வரியில் என்ன கேட்கப் போகிறேன் என்று தெரிவதால் நின்றுவிடுகிறது.

மூன்று வாரத்துக்கு முன் மேலாளர் அழைத்தார். ஆசிரியர் காலமாகிவிட்டார், அந்த ஐம்பத்தைந்து கிலோக்காரர். தூக்கத்திலேயே போனாராம்.

“ஐயா, இறந்துட்டாருன்னு தட்டினேன். பேரு உடனே போயிருச்சு.”

“ஆமாம்மா.”

“பதினாறு நாளு இனிமே இல்லையா?”

“இல்ல.”

தொலைபேசியில் இயந்திரங்கள் இரையும் ஓசை கேட்டது. ஓர் இருக்கையில் யாரோ தாதியைக் கூப்பிட்டார்கள். 

“வாத்தியார் ஐயா பேர நான் ஒரு தாள்ல எழுதி மூணாம் நம்பர் நாற்காலி மேல ஒட்டி வச்சிருக்கேன்,” என்றார். “காரியம் முடிஞ்சதும் கிழிச்சிருவேன். மறக்கமாட்டேன்.”